கடலூர், புதுச்சேரியிலிருந்து வெளிநாடு புறப்படுவோர் வீட்டிலேயே முடித்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடுகள்

கடலூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ வெளிநாடு செல்பவர், விமானத்தில் ஏறுவதற்கு முன்பே மூன்று முதல் நான்கு மணி நேரம் சாலையில் பயணம் செய்தாக வேண்டும். லாஸ்பேட்டையில் இருக்கும் புதுச்சேரி விமான நிலையத்தில் உள்நாட்டுச் சேவை மட்டுமே உண்டு என்பதால், நம் பகுதி மக்களுக்குச் சென்னை மீனம்பாக்கம் அல்லது திருச்சி என்ற இரண்டு வழிகளே எஞ்சுகின்றன. குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ குடியிருப்பவர் ஒரு காகிதத்தை மறந்துவிட்டால், வீட்டில் இருப்பவரை ஆட்டோவில் கொண்டுவரச் சொல்லிச் சமாளித்துவிடலாம். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளி வீடு இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. எனவே விமான நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று மற்ற ஊர்க்காரர்கள் விட்டுவைக்கும் வேலைகளைக்கூட நாம் வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்புவதுதான் சரி. பிள்ளைகளைப் பார்க்கச் சிங்கப்பூருக்கும் பாரிஸுக்கும் போகும் பெற்றோர்களையும், வளைகுடா நாடுகளுக்கு முதன்முறையாக வேலைக்குப் போகும் இளைஞர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சரிபாருங்கள்

ஆடைகளை எடுத்து வைப்பதற்கும் டிக்கெட் விலையைத் தேடுவதற்கும் முன்னால், பாஸ்போர்ட்டைத் திறந்து பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். தமிழர்களாகிய நாம் முன்னெழுத்தோடு வாழ்கிறோம். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் ‘எஸ். முருகன்’ என்று இருப்பவரின் பாஸ்போர்ட்டில் அந்த ‘எஸ்’ விரிக்கப்பட்டு, தந்தை பெயரும் முழுமையாக இருக்கும். ஏனெனில் பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை மட்டும் போடுவதற்கு அனுமதி இல்லை. அந்த விரிவு சிலருக்குக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இருக்கும். சிலருக்கு இயற்பெயர்க் கட்டத்திலேயே இரண்டு சொற்களும் சேர்ந்து நிற்கும். பழைய பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெரியவர்கள் சிலருக்கோ ஒரே ஒரு சொல் மட்டும் இருக்கும். டிக்கெட், விசா, காப்பீடு ஆகிய மூன்றும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியேதான் இருக்க வேண்டுமே தவிர, ஆதாரில் உள்ளபடியோ உறவினர்கள் அழைக்கும்படியோ இருக்கக் கூடாது.

ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரே சொல் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா அல்லது வருகை விசாவில் வருவதை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவர்களுக்கு இயற்பெயர் தெரியாது என்பதைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சுருக்கம் அச்சாகிறது. டிக்கெட் பதிவு செய்யும்போது குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட இணையதளம் அனுமதிக்காது. அங்கே அதே பெயரை இரண்டாம் முறை எழுத வேண்டுமா, வேறு குறியீடு இட வேண்டுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகையால் பணம் கட்டுவதற்கு முன் அந்த விமான நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள். பயணத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருக்குமானால், தந்தை பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுபடி வாங்கிக்கொள்வதே நிம்மதியான வழி என்பது என் கருத்து.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக்காலப் பதிவேடுகளிலும் அவற்றைப் பின்பற்றிய குடும்பங்களிலும் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதப்பட்டிருக்கின்றன. தாத்தாவின் ஆவணத்தில் ‘முருகன்’ என்பதன் ஒவ்வொரு உகரத்துக்கும் இரண்டு எழுத்துகளும், முடிவில் ஒலிக்காத ஓர் எழுத்தும் இருக்கும். பேரனின் இந்தியப் பாஸ்போர்ட்டில் அதே பெயர் ஆங்கில முறையில் சுருங்கியிருக்கும். பிரான்சில் இருக்கும் அண்ணனோ அத்தையோ அனுப்பும் அழைப்புக் கடிதத்தில் பெயரைத் தங்கள் வழக்கப்படி எழுதிவிடுவார்கள். அதை அப்படியே விசா விண்ணப்பத்தோடு இணைத்தால், அழைக்கப்பட்டவரும் விண்ணப்பிப்பவரும் ஒருவர்தானா என்ற கேள்வி எழும். ஆகவே அழைப்பவர் கடிதம் எழுதும் முன்பே பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

பாஸ்போர்ட்டின் ஆயுளும் விசாவும்

பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதி பயணத் தேதிக்குப் பின்னால் இருந்தால் மட்டும் போதாது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் போன்றவை நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டை எதிர்பார்க்கின்றன. பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), பாஸ்போர்ட் அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், இரண்டு பக்கங்களாவது காலியாக இருக்க வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட்டுக்கு ஐந்து ஆண்டுகள்தான் ஆயுள். பெற்றோர் தம்முடையதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையுடையதைப் பார்க்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. புதுப்பிப்பதற்குச் சென்னை வரை அலைய வேண்டியதில்லை; புதுச்சேரியில் பாஸ்போர்ட் சேவை மையமும், கடலூரில் அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையமும் இருக்கின்றன.

விசாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள் வரைதான் தங்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடு கட்டாயம். புகைப்பட அளவு அதற்கு 35 மில்லிமீட்டருக்கு 45. அமெரிக்காவுக்கு இரண்டு அங்குலச் சதுரம். நம் ஊர் ஸ்டூடியோவில் ‘பாஸ்போர்ட் போட்டோ’ என்று மட்டும் கேட்டால் வேறோர் அளவைக் கொடுத்துவிடுவார்கள். எந்த நாட்டு விசாவுக்கு என்று சொல்லி எடுங்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் விசா விஷயம் எப்படியிருந்தாலும், வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். தாய்லாந்திலும் 2025 மே முதல் இதே முறை வந்துவிட்டது. இந்த அட்டைகளுக்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இணையதளத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்றால், அது அந்நாட்டு அரசின் தளம் அல்ல என்று தெரிந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, காட்டுமன்னார்கோவில் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வெளிநாட்டு வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு வழி தெரியும். முதன்முறையாகக் கிளம்புகிறவருக்குத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. அவர்கள் சவூதி அரேபியா, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி முன்அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதியோடு பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற காப்பீடும் சேர்ந்து வருகிறது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ ஏற்படும்போது 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். இந்த அனுமதியைத் தவிர்ப்பதற்காகச் சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால், அவருடைய வசதிக்காக உங்களுடைய பாதுகாப்பு முழுவதையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார் என்று பொருள். கம்போடியா, மியான்மர், லாவோஸ் ஆகிய நாடுகளில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட இளைஞர்களில் தமிழர்களும் இருந்தார்கள். முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். அவரது பதிவு எண்ணைக் கேளுங்கள். தர மறுத்தால் முன்பணத்தையும் தராதீர்கள்.

பெட்டியில் போகும் சாப்பாடு

நம் வீடுகளில் வெளிநாட்டுப் பயணத்துக்கு நடக்கும் ஏற்பாட்டில் பாதி சமையலறையில்தான் நடக்கிறது. மிளகாய்த்தூள், குழம்புத்தூள், இட்லிப் பொடி, வற்றல், வடகம், ஊறுகாய், பண்ருட்டி முந்திரி, கடலூர் முதுநகர்க் கருவாடு என்று பெட்டியின் எடையில் பெரும்பங்கை இவையே பிடித்துக்கொள்கின்றன. அன்போடு கட்டிக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் எது போகும், எது போகாது என்று தெரிந்து கட்ட வேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது கசகசா. நமக்கு அது குருமாவில் அரைத்து ஊற்றும் சாதாரணப் பொருள். அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் அது தடை செய்யப்பட்ட பொருள்; அபினிச் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. தனிப் பொட்டலமாக இல்லாமல், வீட்டில் அரைத்த கறி மசாலாத்தூளில் கலந்திருந்தாலும் சிக்கல் சிக்கல்தான். அரைத்துக் கொடுத்த அம்மாவிடமோ மாமியாரிடமோ ‘இதில் கசகசா போட்டீர்களா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பெட்டியில் வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தம் மகனுக்குக் கொடுக்கச் சொல்லித் தரும் ஒட்டிய பொட்டலங்களையும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். அவர்மேல் உள்ள சந்தேகத்தால் சொல்வதல்ல இது. உள்ளே இருப்பதற்குச் சட்டத்தின் முன் பொறுப்பு, பெட்டியைக் கொண்டுபோகிறவருடையது.

பிரான்சுக்கும் மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் செல்பவர்கள் இறைச்சியையும் பால் பொருள்களையும் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் இதில் அடங்கும். 2019 டிசம்பர் 14 முதல் பச்சையான காய், கனி, இலை வகைகளுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறார்கள். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் மாம்பழமும் பலாச்சுளையும் அந்தப் பட்டியலில் இல்லை. இதற்கு மாறாக, மீன் வகைகளை ஒருவர் சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை கொண்டுபோகலாம் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. குடல் நீக்கி நன்றாகக் காய்ந்த கருவாட்டைக் காற்று உறிஞ்சிய உறையில் அடைத்து, அதற்குமேல் இன்னோர் உறையும் இட்டு வையுங்கள். வாடை வெளியே வந்தால் பெட்டியை ஏற்க மறுக்கும் உரிமை விமான நிறுவனத்துக்கு உண்டு. ஆஸ்திரேலியா செல்பவர்கள் எந்த உணவுப் பொருள் இருந்தாலும் படிவத்தில் அதை அறிவித்துவிட வேண்டும். அறிவித்தால் அதிகபட்சம் பொருள் போகும்; மறைத்தால் பெரிய தொகை அபராதமாகப் போகும்.

நாடு எதுவானாலும், விமானத்துக்கே ஆகாத பொருள்கள் சில நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகின்றன. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள் என்பதால் எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது, தீப்பெட்டியும் அப்படியே. புதுமனைப் புகுவிழாவுக்காகப் பூஜைப் பொருள்களை மொத்தமாகக் கட்டிப் பெட்டிக்குள் வைக்கும்போது இது கவனத்துக்கு வருவதில்லை. கொப்பரைத் தேங்காயும் அதன் எண்ணெய்ச் சத்தின் காரணமாகத் தடைப்பட்ட பட்டியலில் இருக்கிறது. மிளகாய்த்தூளும் ஊறுகாயும் கைப்பையில் கூடாது. சரக்குப் பெட்டியில் வைக்கலாம். கைப்பையில் கொண்டுபோகும் எண்ணெய், தைலம், பற்பசை, குழம்பு ஆகிய எல்லாத் திரவங்களும் கூழ்களும் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மேல் போகாத கொள்கலனில் இருக்க வேண்டும். அரை லிட்டர் பாட்டிலின் அடியில் கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது என்ற வாதம் எடுபடாது, பாட்டிலின் கொள்ளளவைத்தான் கணக்கிடுவார்கள்.

பவர் பேங்க் இதற்கு நேர்மாறானது. கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் இருந்தால் பெட்டியைத் திறக்க வைத்துவிடுவார்கள். அதன் அளவு 100 வாட்-மணி வரை இருக்கலாம். மேலே மில்லி ஆம்பியர்-மணி என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த எண்ணை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். 20,000 உள்ளது 74 வாட்-மணி ஆகிறது. தாராளமாக அனுமதி உண்டு. ஆனால் பறக்கும்போது அதைப் பயன்படுத்துவதைப் பல நிறுவனங்கள் 2025இல் தடை செய்துவிட்டதால், போனை வீட்டிலேயே முழுமையாகச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

எடையைப் பொறுத்தவரை, டிக்கெட்டில் மொத்தம் எத்தனை கிலோ என்பதோடு, ஒரு பெட்டியில் எத்தனை கிலோ என்பதையும் பாருங்கள். எத்தனை கிலோ அனுமதி இருந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவுக்கு மேல் இருந்தால் ஏற்கமாட்டார்கள். தூக்கி வைக்கும் தொழிலாளியின் முதுகைக் காப்பதற்காக வந்த விதி அது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தொங்கு தராசு ஒன்றை வாங்கி வீட்டில் நிறுத்துப் பார்ப்பவர்கள், கவுன்ட்டர் முன்னால் பெட்டியைத் திறந்து புடவைகளுக்கு நடுவிலிருந்து பொட்டலங்களை எடுத்து உறவினர் கையில் கொடுக்கும் நிலைக்கு ஆளாகமாட்டார்கள். அமெரிக்காவுக்கு மிக்ஸியும் கிரைண்டரும் கொண்டுபோக நினைப்பவர்கள் எடையை மட்டுமல்லாமல் மின்சாரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே 120 வோல்ட். நம் 230 வோல்ட் மோட்டார் அதில் ஒழுங்காக ஓடாது. சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் ஆகிய நாடுகளில் மின் அழுத்தம் நம்முடையதைப் போன்றதே. செருகியின் வடிவம் மட்டும் தட்டையான மூன்று முனை என்பதால் ஓர் அடாப்டர் போதும்.

மருந்தும் நகையும்

இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் வைக்கவே கூடாது. உயரத்தில் அங்கே குளிர் கடுமையாகி இன்சுலின் உறைந்தால் அதன் பலன் போய்விடும். பார்ப்பதற்கு வேறுபாடு தெரியாமலும் இருக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், தைராய்டு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை, தங்கும் நாட்களுக்கு மேல் இரண்டு வாரத்துக்கும் சேர்த்து, கடையில் தரும் அட்டையோடு கைப்பையில் வையுங்கள். அட்டையைக் கத்தரித்துக் காலை, மதியம், இரவு என்று டப்பாவில் பிரித்து வைக்கும் வழக்கம் வீட்டில் வசதியானது. சுங்கத்தில் அது பெயரில்லாத மாத்திரைக் குவியலாகிவிடும். மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மூலப்பொருளின் பெயரையும் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால், தூக்க மாத்திரை, மனநல மருந்து ஆகியவை வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அமீரகத்துக்கு இவற்றைக் கொண்டுபோக அந்நாட்டு அரசின் தளத்தில் முன்அனுமதி பெற வேண்டும். பெயர்ச்சீட்டு இல்லாத சூரணமும் லேகியமும் நல்ல மருந்தாகவே இருந்தாலும், சோதிப்பவருக்கு அது தெரிய வழியில்லை. தயாரிப்பாளரின் லேபிளோடு கூடிய பாட்டிலாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்குச் செல்பவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகப் போட்டிருக்க வேண்டும்; சென்னை கிண்டி கிங் நிலையத்தில் அது கிடைக்கிறது.

திருமணத்துக்காகவோ வளைகாப்புக்காகவோ நிறைய நகை அணிந்து செல்லும் பெண்கள், புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளலாம். திரும்பி வரும்போது அந்த நகை இங்கிருந்து போனதுதான் என்பதற்கு அதுவே ஆதாரம். நகைக்கடைப் பில்லும், எடையோடு கூடிய மதிப்பீட்டுச் சீட்டும், நகையின் படமும் கையில் இருந்தால் வேலை விரைவாக முடியும். இதற்காக முக்கால் மணி நேரத்தைத் தனியாக ஒதுக்கிவையுங்கள்.

பணமும் போனும்

இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு, வாடிக்கையாளர் கேட்டு இயக்கும் வரை பொதுவாக மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வரம்பையும் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் (ஓடிபி) வரும் சிம்மில் ரோமிங்கை இந்தியாவில் இருக்கும்போதே இயக்கிவிடுங்கள். வெளிநாட்டில் இறங்கிய பின் அதைச் செய்வதற்கே ஒரு கடவு எண் தேவைப்படும். ரொக்கமாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரையிலான அந்நிய நோட்டுகளையே பொதுவாக எடுத்துச் செல்லலாம். மீதியை அட்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அங்கே அட்டை இயந்திரம் ‘ரூபாயில் கழிக்கவா’ என்று கேட்டால், அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய்க்கு மாற்றும் விகிதம் பெரும்பாலும் உங்களுக்கு நஷ்டமானது.

வீட்டிலிருந்து எப்போது கிளம்புவது

இதுதான் நம் பகுதிக்காரர்கள் மிகுந்த கவனத்தோடு கணக்குப் போட வேண்டிய இடம். வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பின் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:50 என்று இருந்தால், அது 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வரும் நள்ளிரவு. 15ஆம் தேதி இரவு அல்ல. அந்த விமானத்துக்கு 14ஆம் தேதி இரவு ஒன்பதரை மணிக்குள் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். சாலையில் நான்கு மணி நேரம், வழியில் நின்று சாப்பிட அரை மணி நேரம், எதிர்பாராத தாமதத்துக்கு ஒரு மணி நேரம் என்று பின்னோக்கி எண்ணினால், கடலூரிலிருந்து மாலை நான்கு மணிக்குக் கார் புறப்பட வேண்டும். வழியனுப்ப வந்த உறவினர்கள் பிற்பகல் சாப்பாட்டுக்குப் பின் பேசிக்கொண்டிருக்கும் நேரம் அது. ஆகவே வண்டி புறப்படும் நேரத்தை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுவது நல்லது. பெரும்பாலான நிறுவனங்கள் விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது கவுன்ட்டரை மூடிவிடுகின்றன. சாலை நெரிசல் என்பது அங்கே ஏற்கப்படும் காரணம் அல்ல.

மரக்காணம் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை, சனி ஞாயிறுகளில் புதுச்சேரிக்கு வந்து திரும்பும் சென்னைக்காரர்களின் சாலை. ஞாயிறு மாலையில் சென்னையை நோக்கிச் செல்பவர்கள் அவர்களோடு சேர்ந்து ஊர்ந்துதான் போக முடியும். திண்டிவனம், செங்கல்பட்டு வழியில் பொங்கல், தீபாவளி முடிந்து ஊரார் திரும்பும் நாட்களில் சுங்கச்சாவடிகளிலேயே நேரம் போய்விடும். பேருந்தில் செல்பவர்கள், இந்த இரண்டாவது வழியில் போகும் வண்டிகள் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் நின்றுவிடுகின்றன என்பதை நினைவில் வைத்து, அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெட்டி குறைவாக இருப்பவர்களுக்கு ரயில் நல்ல வழி. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் போனால், நிலையத்துக்கு எதிரிலேயே விமான நிலையம் இருக்கிறது.

கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் பக்கத்தில் இருப்பவர்கள் திருச்சியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தூரம் சென்னைக்கு ஆகும் அளவுதான். ஆனால் தாம்பரம் நெரிசல் இல்லை. 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட புதிய முனையம் வசதியானது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் ஆகிய ஊர்களுக்கு அங்கிருந்து நேரடி விமானங்கள் உண்டு. டிக்கெட்டில் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் கூடினாலும், முதியவர்களுக்குத் திருச்சியே மேல் என்பேன்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பயணம் செய்பவர்கள் புயலைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. அது திறந்த பின்னர் விழுப்புரம் பகுதியில் பெருகிய வெள்ளத்தால் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் தடைபட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே பல நாட்கள் இயங்கவில்லை. வானிலை மையம் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று அறிவித்த உடனே, முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே சென்னைக்குப் போய் உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். இந்த மாதங்களில் வாங்கும் டிக்கெட் தேதி மாற்றத்துக்கு இடம் தருகிறதா என்று வாங்கும்போதே பார்ப்பதும், தாமதத்தையும் ரத்தையும் ஏற்கும் பயணக் காப்பீடு எடுப்பதும் வீண் செலவல்ல.

தனியாகச் செல்லும் பெரியவர்களுக்கு

மகளின் பிரசவத்துக்காகத் தனியாகக் கிளம்பும் அம்மாக்களுக்கு விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி உதவியைக் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். நடக்க முடியும் என்றாலும், பெரிய விமான நிலையங்களில் நடக்க வேண்டிய தூரம் அதிகம்; அதோடு, உதவியாளர் குடிநுழைவு வரிசை வரை கூடவே வருவார் என்பது மொழி தெரியாதவர்களுக்குப் பெரிய துணை. இந்த உதவிக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. பயணத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும், இடையில் விமானம் மாறும் ஊரிலும் அது பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கான உணவையும் சைவ உணவையும் அப்போதே கேட்டுவிடலாம்.

அவர்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புங்கள். ஒரு பக்கத்தில் தமிழிலும் மறுபக்கத்தில் ஆங்கிலத்திலும், யார் வீட்டுக்குப் போகிறார், அந்த வீட்டு முகவரி, மகளின் தொலைபேசி எண், எத்தனை நாள் தங்குகிறார், திரும்பும் தேதி, உடம்புக்கு என்ன, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது ஆகியவை தெளிவான எழுத்தில் இருக்கட்டும். போன் அணைந்துபோனாலும் தாள் இருக்கும். குடிநுழைவு அதிகாரி ‘எதற்காக வந்தீர்கள்’ என்று கேட்டால், ‘மகளைப் பார்க்க வந்தேன், இந்தத் தேதியில் திரும்புகிறேன்’ என்ற அளவில் பதில் போதும். பிரசவம் பார்க்க, குழந்தையை வளர்க்க என்று விவரிக்கத் தொடங்கினால், அதைச் சம்பளத்துக்கான வேலையாகப் புரிந்துகொண்டு மேலும் கேள்வி கேட்க இடம் உண்டு. ஷெங்கன் எல்லையில் 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் புதிய முறை தொடங்கியிருப்பதால், அங்கே வரிசை நீளமாக இருக்கலாம். பாரிஸில் விமானம் மாறுபவர்கள் இடைநேரம் மூன்று மணிக்குக் குறையாத டிக்கெட்டை எடுப்பது நல்லது.

நீண்ட பயணத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் காலின் ரத்த நாளங்களில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்கவும், தண்ணீர் அடிக்கடி குடிக்கவும் சொல்லுங்கள். கழிவறைக்குப் போகத் தயங்கித் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் நம் அம்மாக்களில் அதிகம் என்பதால், நடைபாதையை ஒட்டிய இருக்கையை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். கைக்குழந்தையோடு செல்பவர்கள், விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால் குழந்தைக்குக் காதுவலி குறையும்.

பாஸ்போர்ட், விசா, டிக்கெட், காப்பீடு, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை ஒரு தொகுப்பு சரக்குப் பெட்டியிலும், ஒரு தொகுப்பு வீட்டில் இருப்பவரிடமும், ஒரு தொகுப்பு மின்னஞ்சலிலும் வையுங்கள். வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த நகலோடு இந்தியத் தூதரகத்துக்குப் போனால், ஊர் திரும்புவதற்கான அவசரச் சான்றிதழைப் பெறுவது எளிதாகும்.